ஹால்வர்ட் என்று நான் கூப்பிடவில்லை

சென்ற மாரியில் அபிராமி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற வயோதிபர் இல்லத்தில் இப்போது அவள் தாதி. ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இம்முறை அவள்தான் கட்டுரை சேர்க்கிறாள்.

"அங்கிள், எங்கடை பகுதியிலை புதுசா ஒரு தமிழ்நாட்டு அக்கா வேலை பழக வந்திருக்கிறா. நோர்ஸ்க் பாஷை நல்லாக் கதைக்கிறா. ஆனா வயசுபோன ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாவாம். எல்லாரும் அவவுக்கு 'சார்', 'மேடம்'. ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை."

"போகப் போகப் பழகிவிடும்," என்றேன்.

"உங்களுக்கு எப்பிடி? தொடக்கத்திலை கஷ்டமா இருந்ததோ?"

"கொஞ்சம்."

"அப்ப அதை எழுதித் தாங்கோவன். பேர்களைப் பற்றி. நீங்கள் சரித்திரம் படிச்சனீங்கள்தானே. சும்மா கோப்பி குடிக்கேக்கையும் இந்தப் பேருக்கு இது கருத்து எண்டு சொல்லிக்கொண்டிருப்பீங்கள் எண்டு பழைய ஆக்கள் சொல்லுகினம்."

எழுதினேன். ஹால்வர்ட் என்ற பெயரை எடுத்துக்கொண்டு அதன் பொருளையும் வரலாற்றையும் எழுதினேன். நல்ல கட்டுரை. தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை அனுப்ப முடியவில்லை. அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த மலர் ஸ்டோவ்னர் பகுதிக்கும் போகும். அங்கே என்னோடு முன்பு வேலை செய்த வாசுகி இருக்கிறார். அவர் அதை வாசித்தால், அதில் என்ன இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

ஆகவே அதை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு வரலாற்றுப் பட்டம் இருந்தது. அதை வைத்து இங்கே செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வடக்கே மீன் தொழிற்சாலையில் கொஞ்சக் காலம், பிறகு ஒஸ்லோவில் மொழி வகுப்பு, பராமரிப்பு வேலைக்கான பயிற்சி. பயிற்சியில் படுக்கை விரிப்பை ஆள் படுத்திருக்கும்போதே மாற்றக் கற்றுத் தந்தார்கள். மற்றவற்றை எனக்குக் கற்றுத் தந்தவர் பேரிட்.

பேரிட் எங்கள் பகுதியின் தலைமைத் தாதி. உயரமான பெண். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார். யன்னலைப் பார்ப்பார், பிறகு சொல்வார். முதியவர்களோடு பேசும்போது அவர்களுடைய கண்ணுக்குக் கீழே தன் கண் இருக்கும்படி முழந்தாளிட்டு உட்காருவார்.

முதல் நாள் என்னை ஒரு கதிரையில் யன்னலைப் பார்த்தபடி உட்காரச் சொன்னார். இருந்தேன். சத்தமில்லாமல் பின்னால் வந்து தோளில் கை வைத்தார். துள்ளி எழுந்தேன்.

"உனக்கு முப்பத்தைந்து வயது. நல்ல காது. இந்த அறையில் நான் இருக்கிறேன் என்றும் தெரியும். அப்படியிருந்தும் துள்ளினாய்," என்றார். "இப்போது திரும்ப இரு."

இரண்டாம் முறை பின்னால் இருந்தே "சிவா" என்றார். பிறகு சுற்றி வந்து முன்னால் நின்று முகத்தைக் காட்டினார். பிறகுதான் கையை நீட்டினார்.

"பெயர், முகம், கை. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. இவர்கள் மனைவியை மறப்பார்கள், வீட்டை மறப்பார்கள், கரண்டி எதற்கென்று மறப்பார்கள். கடைசிவரை நிற்பது சொந்தப் பெயர். அதைச் சொல்லாமல் தொட்டால், யாரோ தெரியாத ஆள் இருட்டில் பிடிக்கிறமாதிரி அவர்களுக்கு."

எனக்கு விளங்கியது. விளங்கியது என்றும் சொன்னேன். ஆனால் என் தகப்பனை விட மூத்த ஒருவரை முகத்துக்கு முன்னால் வெறும் பெயர் சொல்லி அழைக்க என் நாக்கு வளையவில்லை. எங்கள் ஊரில் பள்ளி வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தோம். அவருடைய உண்மைப் பெயரைச் சொல்வதுதான் அதை விடப் பெரிய மரியாதைக் குறைவாகத் தோன்றும். இந்த நாட்டில் அரசனைத் தவிர எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'. பெயருக்குப் பின்னால் ஒட்டுவதற்கு ஐயா இல்லை, மாமா இல்லை. நான் குறுக்கு வழிகள் கண்டுபிடித்தேன். கதவைத் தட்டுவேன். திறப்புக் கோர்வையைக் குலுக்கிச் சாவிச் சத்தம் எழுப்புவேன். தொண்டையைச் செருமுவேன். "காலை வணக்கம்" என்று உரக்கச் சொல்வேன். பேரிட் பக்கத்தில் நின்றால் மட்டும் பெயரை முணுமுணுப்பேன். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஹால்வர்ட் என் பகுதிக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். நகராட்சியின் தண்ணீர்க் குழாய் வேலையில் ஆயுள் முழுக்க இருந்தவர். அகன்ற தோள். ஞாபகம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் தன் பெயரைப் பற்றிய கதை போகவில்லை. காலையில் முகம் துடைக்கும்போது தவறாமல் சொல்வார்.

"ஹல் என்றால் கல். தட்டைக் கல். வர்ட் என்றால் காவல்காரன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது," என்பேன். தினமும் தெரியாது என்பேன். அதில் அவருக்கு ஒரு சந்தோசம்.

"என் முழங்கால் கல்லாகிவிட்டது. காவல்காரன்தான் எங்கேயோ போய்விட்டான்." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். "இந்த நகரத்தில் உள்ள குழி மூடியில் எல்லாம் என் படம்தான். என்னை நானே தூக்கி ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே இறங்குவேன்."

அது விளங்காமல் நூலகத்துக்குப் போய்த் தேடினேன். படித்த பழக்கம். பழைய நோர்ஸ் மொழியில் ஹல்வர்த்ர். ஜெர்மானியப் பெயர்கள் பலவும் இப்படி இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தவை: வெற்றி, போர், ஓநாய், கழுகு, கல் என்று முன்பாதி, காவல், வலிமை, ஆட்சி என்று பின்பாதி. பாறைக்குக் காவலன் என்றும் கொள்ளலாம், பாறைபோலக் காவல் நிற்பவன் என்றும் கொள்ளலாம். நாட்டுப்புறத்தில் வாயில் உருண்டு உருண்டு ஹால்வோர் என்று தேய்ந்தது. தேய்ந்த வடிவத்தை வைத்திருப்பவர்கள் இன்றும் நிறையப் பேர்.

அந்தப் பெயரை இந்த நகரத்தோடு சேர்த்தவன் ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஓர் இளைஞன். ஃபியோர்ட் என்னும் ஒடுங்கிய கடற்கழியைக் கடக்கப் படகை எடுக்கிறான். ஒரு கர்ப்பிணிப் பெண் ஓடி வருகிறாள். களவெடுத்தாள் என்று சொல்லி ஆட்கள் அவளைத் துரத்துகிறார்கள். நான் எடுக்கவில்லை என்கிறாள். நம்பி ஏற்றிக்கொள்கிறான். அவளை ஒப்படைக்கச் சொல்கிறார்கள், மறுக்கிறான். அம்பெய்து அவனைக் கொல்கிறார்கள், அவளையும் கொல்கிறார்கள். அவன் உடலில் கல்லைக் கட்டித் தண்ணீரில் போட, அது கல்லோடு மிதந்தது என்பது கதை. அவன் புனிதனானான். பின்னாளில் இந்த நாடு சமயப் பிரிவு மாறிப் புனிதர்களைக் கைவிட்டபோதும், ஒஸ்லோ அவனைத் தன் முத்திரையில் வைத்துக்கொண்டது; தெருக் குழி மூடிகளிலும் அந்த முத்திரைதான். ஒரு கையில் திரிகைக் கல், மறு கையில் அம்புகள், காலடியில் அந்தப் பெண்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்தப் பெயரைப் பற்றிக் கோப்பி மேசையில் இருந்தவர்களுக்கு விரிவுரை செய்திருக்கிறேன். அவரைப் பார்த்து அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

வாசுகிக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. அவர் விக்கார், ஆள் குறைகிற நாளில் தொலைபேசியில் கூப்பிட்டால் ஓடி வருகிறவர். இரண்டு சின்னப் பிள்ளைகள். நோர்ஸ்க் அப்போது அரைகுறை. நிரந்தர வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்று இருந்தார். அவர் விறாந்தையால் வரும்போதே சத்தம் கேட்கும்.

"ஹால்வர்ட் அப்பா, எழும்புங்கோ. கோர்ன்பிளேக்ஸ் வேணுமோ, பாண் வேணுமோ?"

முன்னால் பெயர், பின்னால் அப்பா, மிச்சம் தமிழ். ஹால்வர்ட் திரும்பிப் பார்த்துப் பல்லில்லாத வாயால் சிரிப்பார். பாண் என்பார்.

"உது என்ன முறை?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஒண்டில் நோர்ஸ்க்கிலை கதையும், இல்லாட்டித் தமிழிலை கதையும்."

"அண்ணை, அவருக்குப் பேர் விளங்குது, எனக்கு அப்பா வருது. உங்களுக்கு ரெண்டும் வருகுதில்லை. நீங்கள் திறப்பைக் கிலுக்கிறதை நான் பாக்கேல்லை எண்டு நினைக்கிறியளோ? மாட்டுக்கு மணி கட்டின மாதிரி."

வாசுகி சிரிக்க, சமையலறையில் நின்ற ஒருவர் என்ன சிரிப்பு என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்தக் காலை பனி கொட்டியிருந்தது. விறாந்தையின் முடிவில் பெரிய யன்னலருகே ஹால்வர்ட் நின்றார். கீழே பனி வழிக்கும் வண்டி போய் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்ப்பது அவருக்கு வேலை பார்ப்பதுபோல. நடைதாங்கியை எங்கேயோ விட்டுவிட்டார். காலில் கம்பளிக் காலுறை மட்டும். வாசுகி அவருடைய முழங்கையைப் பிடித்தபடி நின்றார்.

"அண்ணை, சப்பாத்துப் போடாமல் வந்திட்டார். அசையமாட்டனெண்டுறார்."

அப்போது பக்கத்து அறையில் அழைப்பு மணி அடித்தது. கழிப்பறையில் இருந்த ஒரு அம்மா. அவரைக் காத்திருக்க வைக்க முடியாது.

"நீர் போம், நான் பாக்கிறன்," என்றேன். "வரேக்கை அவரின்ரை சப்பாத்தையும் கொண்டு வாரும்."

வாசுகி கையை விட்டுவிட்டுப் போனார். நான் இன்னும் எட்டவில்லை. ஒரு தள்ளுவண்டியை ஓரமாக்கிவிட்டு வந்தேன். ஹால்வர்ட் முதுகைக் காட்டியபடி நின்றார். செருமினேன். அவர் திரும்பவில்லை. திறப்புக் கோர்வை மேசையில் இருந்தது. பெயர் தொண்டைவரை வந்தது. ஹால் என்ற அந்த முதற்பாதி நாக்கின் அடியில் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதை விழுங்கினேன். பின்னால் இருந்தபடியே அவருடைய முழங்கையைத் தொட்டேன்.

அவர் உதறித் திரும்பினார். அந்தக் கண்ணில் இருந்தது வெறும் பயம். என்னை விலத்தப் பின்னால் ஓர் அடி வைத்தார். காலுறை வழுக்கியது. இடுப்பு நிலத்தில் பட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

விழுந்தவரைத் தூக்கக்கூடாது. போர்வை போடவேண்டும், அசையவிடாமல் பக்கத்தில் இருந்து மணி அடிக்கவேண்டும். அதெல்லாம் சரியாகச் செய்தேன். பேரிட் ஓடி வந்து நிலத்தில் தன் கன்னம் படும் அளவுக்குக் குனிந்து "ஹால்வர்ட்" என்றார். அவர் கண்ணைத் திறந்து "ஓம், இங்கேதான்" என்றார். வாசுகி சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி விறாந்தையில் நின்றார்.

அம்புலன்ஸ் போனபிறகு தாதியர் அறையில் மூவரும் இருந்தோம். மனைவியும் மகளும் கொழும்பில் காத்திருந்தார்கள். எனக்கு நிலையான வேலை இருக்கிறது என்று காட்டினால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அந்த நிரந்தர வேலை எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. இது காரணம், நியாயம் என்று சொல்லவில்லை.

பேரிட் என்னைப் பார்த்தார். "பெயர், முகம், கை?"

"இரண்டு தரம் கூப்பிட்டேன்," என்றேன். "திரும்பும்போது வழுக்கிவிட்டது."

அவர் யன்னலைப் பார்த்தார். பிறகு வாசுகியிடம் கேட்டார். "அவருக்கு ஏன் சப்பாத்து இல்லை? நீ ஏன் விட்டுவிட்டுப் போனாய்?"

இப்படியான நேரங்களில் வாசுகிக்கு மொழிபெயர்ப்பது நான்தான். எல்லோருக்கும் அது பழக்கம். வாசுகி என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நீங்கள்தானே போகச் சொன்னனீங்கள், அண்ணை. மணி அடிச்சது. நான் சப்பாத்தெடுக்கப் போனனான். அதைச் சொல்லுங்கோ."

நான் பேரிட்டிடம் திரும்பி நோர்ஸ்க்கில் சொன்னேன்: "மன்னிக்கச் சொல்கிறாள்."

வாசுகி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவரை ஒருவரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. விக்காரை நிறுத்தத் தேவையில்லை. தொலைபேசி அடிக்காமல் விட்டால் போதும். அவருடைய தொலைபேசி அதன்பிறகு அடிக்கவில்லை. முதலில் சில நாட்கள் அவரே எடுத்து, ஆள் தேவையோ என்று கேட்டார். ஒருதரம் நான்தான் அந்த அழைப்பை எடுத்தேன். இல்லை என்றேன்.

ஹால்வர்ட்டுக்கு இடுப்பில் சத்திர சிகிச்சை செய்து திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவர் நடக்கவில்லை. நிமோனியா வந்து, பனி கரைவதற்குள் போய்விட்டார். பெயரின் கதையை அவர் என்னிடம் சொல்வதை நிறுத்தியிருந்தார். நான் அறைக்குள் வந்தால் சுவரைப் பார்ப்பார். என்னை அடையாளம் தெரிந்துதான் அப்படிச் செய்தாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

உடலைக் கழுவியது நானும் பேரிட்டும். யன்னலைத் திறந்து வைத்தோம். இறந்தவரோடும் உயிரோடு இருப்பவரோடு பேசுவதுபோலப் பேசவேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. "ஹால்வர்ட், இப்போது உன்னைத் திருப்பப் போகிறோம்," என்றார். என் முறை வந்தது. "ஹால்வர்ட், கையைத் துடைக்கிறேன்," என்றேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அவ்வளவு சுலபம்.

அதன்பிறகு நான் ஒருவரையும் பெயர் சொல்லாமல் தொட்டதில்லை. புதிதாக வந்தவர்களைக் கதிரையில் இருத்தித் துள்ள வைத்தேன். பேரிட் ஓய்வு பெற்ற நாளில், இந்த ஒழுங்கைத் தவறவிடாத ஒருவர் என்று என்னைச் சுட்டிக் காட்டி நன்றி சொன்னார். கேக் தட்டைக் கீழே வைத்தேன். மனைவியும் மகளும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் வாசுகியைத் தூரத்தில் கண்டால் வேறு வாசலால் வெளியே வருவேன். அவர் விடுதிகளில் அறை துடைத்து, பிறகு பள்ளிக்கூடம் ஒன்றைத் துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் வயோதிபர் இல்லம் எதிலும் திரும்ப வேலை செய்யவில்லை. கவனக்குறைவான ஆள் என்று எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒரு கதை இருந்தது. அதை நான் மறுத்ததில்லை.

இந்த வருடம், அந்தக் கட்டுரையை அனுப்பாமல் வைத்துக்கொண்டு, ஸ்டோவ்னருக்கு ரயில் எடுத்தேன். ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. அவரே கதவைத் திறந்தார். தலை நரைத்திருந்தது.

"வாங்கோ அண்ணை. ஆரும் செத்துப் போச்சினமோ?"

"இல்லை."

"உங்கடை முகம் அப்பிடி இருக்கு."

இருத்தித் தேத்தண்ணி தந்தார். நான் சொல்ல வந்ததை நின்று நின்று சொன்னேன். ஹால்வர்ட்டை நான் கூப்பிடவில்லை என்றேன்.

"தெரியும்," என்றார். "நான் பக்கத்து அறையிலை கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டனான். நீங்கள் கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். செருமினது கேட்டது."

"மொழிபெயர்த்ததும்..."

"மன்னிக்கச் சொல்லிறதுக்கு நோர்ஸ்க்கிலை என்ன எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. எங்களுக்கு முதல் பழக்கினதே அதுதானே."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லிறது? ஒண்டைச் சொல்லத் தெரிஞ்சா பத்தைச் சொல்லத் தெரியாது. என்ரை வாய் நீங்கள்தான். உங்களோடை பகைச்சா அங்கை எனக்கு ஆர் எண்டு யோசிச்சன். பிறகு பாத்தா, போறதுக்கு அந்த வேலையே இல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கையால் ஒதுக்கினார்.

"எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்லி என்ன பிரயோசனம்? தெரியாத ஆளிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. பேரிட் இருக்கிறாவோ?"

"ஹவுகெட்டோவிலை இருக்கிறா."

"அப்ப நான் அண்டைக்குச் சொன்னதை அப்பிடியே அவவுக்குச் சொல்லுங்கோ. கூட்டாமல், குறைக்காமல். மலரிலை எழுதிறதெண்டா என்ரை பேரைப் போட்டு எழுதுங்கோ. 'ஒரு பெண்' எண்டு எழுதிப்போட்டுத் தப்பாதேங்கோ."

ஹவுகெட்டோவில் பேரிட்டின் வீடு நிலையத்துக்கு மேலே மேட்டில் இருக்கிறது. வாசலில் நின்று மணியை அழுத்தாமல் கொஞ்சநேரம் நின்றேன். பேரிட் இப்போது நடைதாங்கியோடு நடக்கிறார். ஞாபகம் கூர்மை. கோப்பி ஊற்றினார். நான் குடிக்காமல், அந்த அறையில் வாசுகி தமிழில் சொன்னதை முதல் தடவையாக நோர்ஸ்க்கில் சொன்னேன். நீதான் போகச் சொன்னாய். மணி அடித்தது. நான் சப்பாத்தெடுக்கப் போனேன். அதைச் சொல்லு.

பேரிட் யன்னலைப் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் ஒருநாளும் யன்னலைப் பார்த்ததில்லை. ஹால்வர்ட்டைப் பற்றிக் கேட்பார், அல்லது வெளியே போ என்பார் என்று நினைத்தேன்.

"அவளை வேலைக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னது நான்," என்றார். பிறகு கேட்டார்: "அவளுடைய பெயர் என்ன?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஹால்வர்ட்டின் பெயர் நினைவிருக்கிறது. அவளுடையது நினைவில்லை. விக்கார் என்றுதான் சொல்லியிருப்போம்."

நகரத்து முத்திரையில், அந்த இளைஞனின் காலடியில் கிடக்கிற பெண்ணுக்கும் பெயர் இல்லை. நான் தேடிய புத்தகம் எதிலும் இருக்கவில்லை. ஆயிரம் வருடமாக அவள் 'ஒரு பெண்'.

"வாசுகி," என்றேன். "வாசுகி தவராசா."

பேரிட் மெதுவாக அதைச் சொல்லிப் பார்த்தார். நான் திருத்தினேன். திரும்பவும் சொல்லி, சரியாக வந்ததும் கையை நீட்டித் தொலைபேசியைக் கேட்டார். எண்ணை நான் அழுத்திக் கொடுத்தேன். ஸ்டோவ்னரில் மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

பேரிட் முதலில் பெயரைச் சொன்னார்.